தமயந்தி டீச்சரின் வானத்தில் என் கொக்குகள்

புதிதாகப் பணியில் சேர்ந்த ஓவிய ஆசிரியர்கள் என்னைப் பார்க்க வில்லாபுரம் வீட்டுக்கு வரும்போது, ஆட்டுக்கு ரோமம் வரைய எந்த பிரஷ், பறவையின் கண்ணில் வெளிச்சப் புள்ளியை எங்கே வைப்பது என்றெல்லாம் கேட்கிறார்கள். அதை இப்போது போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். போனில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் உங்களைவிட நன்றாக வரைகிற ஒருவர் என்றைக்காவது உங்கள் பள்ளிக்கூடத்துக்கே மாற்றலாகி வந்து, உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். அதற்கப்புறம் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

எனக்கு அப்படி வந்தவர் தமயந்தி டீச்சர். பழங்காநத்தத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், இரண்டாவதாக ஓர் ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று நிர்வாகத்தை நச்சரித்ததே நான்தான். கேட்டு வாங்கிய வினை. வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர், அதிர்ந்து பேச மாட்டார், கையில் எப்போதும் சாக்பீஸ் தூள். வந்த முதல் வாரம் அவரை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அவர் என்ன வரைவார் என்பது அப்போது தெரியாது.

நான் மிருகங்களும் பறவைகளும் மட்டுமே வரைகிறவன். மனுஷ முகம் எனக்கு வராது. சாமி படம், தலைவர் படம், மலை, அருவி, சூரிய உதயம் என்று வரைவதற்கு உலகத்தில் எவ்வளவோ கிடக்கிறது. தமயந்தி டீச்சர் அதையெல்லாம் விட்டுவிட்டு, போயும் போயும் ஆடு மாடு பறவைதான் வரைந்தார்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏழாம் வகுப்புக் கரும்பலகையின் ஓர் ஓரத்தில் அணில் ஒன்றை வரைந்துவிட்டுப் போயிருந்தார். வெள்ளைச் சாக்பீஸ் ஒன்றுதான். முதுகுக் கோட்டுக்குக்கூட வெள்ளை போடவில்லை, பலகையின் கருப்பை அப்படியே விட்டிருந்தார். வாலை முடிக்கவே இல்லை, பாதியில் சாக்பீஸை எடுத்துவிட்டார். பிள்ளைகள் அதை அழிக்க விடவில்லை. கணக்கு வாத்தியார் மிச்சமிருந்த பலகையில் நெருக்கி நெருக்கிக் கணக்குப் போட்டார். அதே பலகையில் நான் எத்தனையோ வருஷமாக யானையும் மயிலும் வரைந்திருக்கிறேன். அடுத்த மணி அடித்ததும் டஸ்டர் அதன்மேல் ஏறிவிடும், யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வாலை முடிக்கத் தெரியாமல் விட்டிருக்கிறார் என்று நான் ஆசிரியர் அறையில் சொன்னேன். சொல்லிவிட்டு, வகுப்பு காலியாக இருந்தபோது போய் நின்று பார்த்தேன். அணிலின் வால் ஒரு நொடிகூட சும்மா இருக்காது. முடித்திருந்தால் அது செத்த அணில். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை, ஆனால் என் கைக்குத் தெரியவில்லை. நான் முதலில் கட்டம் போட்டு, அளவெடுத்து, பென்சிலில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் வண்ணத்தைத் தொடுவேன். என் பறவைக்கு இறகு எண்ணிக்கைகூடச் சரியாக இருக்கும். பறக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த அணிலுக்குப் பிறகு எங்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை. சண்டை வந்திருந்தால் தேவலை. அவர் என்னை மரியாதையாக "சார், சார்" என்றுதான் கூப்பிடுவார். மயிலுக்குக் கால் எந்த இடத்தில் மடங்கும் என்று வந்து கேட்பார், நான் சொல்லித்தருவேன், அவர் போய் என்னைவிட நல்ல மயிலை வரைவார். ஆண்டுவிழா மேடைக்கு யார் வரைவது என்றால் தலைமையாசிரியர் என்னைப் பார்த்துக்கொண்டே அவர் பெயரைச் சொல்வார். வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், அவர் வரைந்த கிளியை என் மனைவி வாட்ஸ்அப்பில் தன் படமாக வைத்திருந்தாள். கட்டிய புருஷன் வரைந்தது வீடு முழுக்கத் தொங்குகிறது. நான் ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"நீங்க வரையுறதும் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இந்தக் கிளி என்னையப் பாக்குதுல்ல" என்றாள்.

இப்படியே நான் ஓய்வு பெற்றும் ஆயிற்று. பள்ளிச் சுவர்களில் நான் வரைந்தவை அடுத்த வெள்ளையடிப்பில் போய்விட்டன. ஓவிய ஆசிரியருக்கு இது சகஜம், நீங்களும் தயாராக இருங்கள். ஆனாலும் நம் கை பட்ட ஒரு சுவராவது நமக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று அந்த வயதில் ஓர் ஆசை வந்துவிடுகிறது.

அவனியாபுரம் தாண்டித் தெற்கே ஓர் ஊரில், கண்மாய்க் கரையை ஒட்டிப் பள்ளிக்கூடம் இருக்கிறது. மழைக்குப் பின்னால் அந்தக் கண்மாயில் நாரை, கொக்கு, தாரா என்று அப்படி ஒரு கூட்டம் வந்து இறங்கும். பள்ளியின் நீளமும் உயரமுமான சுற்றுச்சுவரில் அந்தப் பறவைகளை வரைய வேண்டும் என்று ஊராட்சித் தலைவர் என்னிடம் வந்தார். சந்தோஷமாகச் சரி என்று சொல்லி வாய் மூடுவதற்குள், பாதியைத் தமயந்தி டீச்சருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

"அண்ணே, சமுதாயக் கூடம் ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்கோம். உள்சுவரு பூராம் படந்தான். இந்தச் சுவத்துல யாரு பக்கம் எடுப்பா இருக்கோ அவுகளுக்குத்தான் அந்தக் கூடம்" என்றார்.

உள்சுவர் என்றால் வெயில் இல்லை, மழை இல்லை. வரைந்தது ஒரு தலைமுறை நிற்கும். எனக்கு அந்தக் கூடம் வேண்டும். ராத்திரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சுவரை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டோம். என் பாதியில் கருவேல மரத்து நாரைக் கூடுகள், மீன்கொத்தி, மடையான். அவர் பாதியில் தண்ணீருக்குள் முக்கால்வாசி அமிழ்ந்து கிடக்கிற எருமை ஒன்று, மேலே பெரிய வானம், அதில் கண்மாயிலிருந்து திரும்புகிற கொக்குக் கூட்டம். நான் கட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் எருமையை முடித்துவிட்டார். ஈர முதுகில் வெயில் படுகிற இடத்துக்கு நான்கு இழுப்பு, அவ்வளவுதான். போகிற வருகிறவர்கள் அதன்முன் வண்டியை நிறுத்தினார்கள். என் நாரையைப் பார்த்துவிட்டு, "எம்புட்டு வேலை செஞ்சிருக்காரு" என்றார்கள். எருமையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சும்மா நின்றார்கள். எது உசத்தி என்று உங்களுக்கே தெரியும்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் தமயந்தி டீச்சரின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. டீச்சர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவருடைய பாதியை முந்தின நாள் இருட்டுகிற நேரத்தில்தான் கொக்குகளைப் போட்டு முடித்திருந்தார். மதியத்துக்கு மேல் என் வேலையும் முடிந்து, சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று முழுச் சுவரையும் முதல்முறையாக ஒருசேரப் பார்த்தேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. வானத்தில் போகிற கொக்குகள் எல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு பறந்தன.

நாரை பறக்கும்போது கழுத்தை நீட்டும். கொக்கு மடக்கித் தோளுக்குள் வைத்துக்கொள்ளும். அந்த ஊரில் தினமும் சாயங்காலம் தலைக்கு மேல் கொக்கு போகிறது, சின்னப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும். மறுநாள் திறந்துவைக்க வருகிற வனத்துறை அதிகாரியோ கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டே திரிகிறவர் என்று கேள்வி.

அந்த நிமிஷம் எனக்குள் என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். குளுகுளுவென்று இருந்தது. எதிரே இருந்த கடையில் ஒரு டீ வாங்கி, அந்தக் கழுத்துகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் குடித்தேன். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும். காலையில் ஊரே சிரிக்கும், கூடம் எனக்கு வந்துவிடும். நான் எந்தப் பாவமும் செய்திருக்க மாட்டேன்.

டீ முடிந்தது. வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் போக முடியவில்லை. மனசாட்சி, பெருந்தன்மை என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். தப்பாகப் பறக்கிற கொக்கு என் கண்ணை உறுத்தியது, அவ்வளவுதான். வாழ்நாள் பூராவும் பறவையின் கழுத்தையும் காலையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் அது, யார் மேல் பொறாமை என்று அதற்குத் தெரியவில்லை. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனாலும் அந்தக் கழுத்துகள் என் பின்னாலேயே வரும் என்று தோன்றியது.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் படத்தில், எவ்வளவு பெரிய தப்பு இருந்தாலும், கேட்காமல் கை வைக்கக் கூடாது. மாணவன் படமாக இருந்தாலும் கூடாது. நேரமில்லை, நல்லதுக்குத்தான் என்பதெல்லாம் காரணமே இல்லை. நான் போன் போட்டேன்.

"டீச்சர், அத்தைக்கு எப்படி இருக்கு?"

"ஆப்பரேஷன் தியேட்டருக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க சார். வெளிய உக்காந்திருக்கேன். சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. மேல பறக்குற கொக்கு..."

"ஏன் சார், நல்லா வரலையா?"

"நல்லாத்தான் வந்திருக்கு. கழுத்து நீட்டிக்கிட்டு இருக்கு."

பின்னால் ஸ்ட்ரெச்சர் உருட்டுகிற சத்தம் கேட்டது.

"போட்டோ பாத்துத்தான் சார் வரைஞ்சேன். நானே கரையில நின்னு எடுத்தது."

"தண்ணியவிட்டு எந்திரிக்கும்போது எடுத்திருப்பீக. அந்த நேரம் நீட்டத்தான் செய்யும். மேல போனதும் மடக்கிருமே."

"ஆமா. ஆமா சார். எந்திரிக்கிற கொக்கக் கொண்டுபோய் உச்சி வானத்துல வச்சிருக்கேன். அறிவே இல்ல எனக்கு."

"காலைல அதிகாரி வாராரு."

"நான் இப்ப வர முடியாது சார். நீங்களே அழிச்சிட்டுப் போட்டுருங்க."

"உங்க படம் டீச்சர்."

"என் படந்தான். நானே சொல்றேன்ல. போடுங்க."

அழிப்பது என்றால் கொக்குகளின் மேல் வானத்தைப் பூச வேண்டும். அவருடைய வானம் எனக்கு வராது. அவரோடு பள்ளியில் இருந்த காலம் முழுக்க அந்த நீலத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்து வீட்டில் கலந்து கலந்து தோற்றிருக்கிறேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"வெள்ளை எமல்ஷன் பெயிண்ட்ல நீலம் சார். ஒரு சொட்டு காவி விடுங்க. நீலம் கொஞ்சம் அழுக்காகணும்" என்றார். ஏதோ ரசத்துக்கு உப்பு சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கலந்தேன். அதே வானம். எத்தனை வருஷமாக எனக்கு ஒரு சொட்டு காவி தோன்றாமல் போயிற்று என்று டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கொக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பூசிய வானம் காய்ந்து முடிகையில் வெயில் இறங்கிவிட்டது. இருட்டுவதற்கு முன்னால் முடித்தாக வேண்டும், கட்டம் போட நேரமில்லை, பென்சில் எடுத்தால் ஒரு கொக்குதான் தேறும். எப்படி ஆரம்பிப்பது என்று ஏணிமேல் திகைத்து நின்றபோது தலைக்கு மேல் முதல் கூட்டம் வந்தது. கண்மாயிலிருந்து எழும்பி, கழுத்தை மடக்கி, காலைப் பின்னால் நீட்டி, அவசரமே இல்லாமல் போயின.

நான் பிரஷ்ஷை வெள்ளையில் தோய்த்தேன். ஒரு கொக்கைப் பார்த்தேன், ஒரு கொக்கைப் போட்டேன். அளவு பார்க்கவில்லை. இறக்கைக்கு ஓர் இழுப்பு, மார்புக்கு ஒன்று. சிலதுக்குக் கால் வரைய மறந்துபோனது, அப்படியே விட்டேன். கூட்டம் வந்துகொண்டே இருந்தது, நானும் போட்டுக்கொண்டே இருந்தேன். கீழே இறங்கிப் பார்க்கவும் வெளிச்சம் போதவில்லை. பிரஷ்ஷைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் விழாவுக்குத் தமயந்தி டீச்சர் வரவில்லை. அதிகாரி சுவரோரமாகவே நடந்து வந்தார். என் நாரைக் கூடுகளின் முன் நின்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். எருமையைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் அண்ணாந்தவர் அப்படியே நின்றுவிட்டார். போட்டோ எடுத்தார், பின்னால் தள்ளிப்போய் இன்னொன்று எடுத்தார்.

"இந்தக் கொக்கை வரைஞ்சது யாரு?"

"தமயந்தி டீச்சர் சார். அது அவுக பக்கம்" என்றார் தலைவர்.

"பறக்குதுங்க இது. நான் பாத்த சுவர்லயே இதுதான் பறக்குது."

நான் தலைவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அது நான் போட்டது என்று சொன்னால், உங்களை யார் அங்கே போடச் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும். கழுத்துக் கதையைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற ஒருவரின் தப்பை, அவர் இல்லாத இடத்தில், மைக் வைத்த மேடைக்கு முன்னால் சொல்ல வேண்டும். விழுங்கிவிட்டேன்.

வீட்டுக்குப் போனால் சாப்பாடு போட்டுக்கொண்டே மனைவி போனை நீட்டினாள். யாரோ அனுப்பிய படம், அதற்குள் அவளுடைய வாட்ஸ்அப்பில் கிளி போய்க் கொக்கு வந்திருந்தது.

"தமயந்தி எம்புட்டு அழகா வரைஞ்சிருக்கா பாருங்க. நீங்களும் ஒருநாளாச்சும் இப்படி வரையக் கூடாதா?"

சாம்பார் நன்றாக இருக்கிறது என்றேன். என் கைமேலேயே எனக்குப் பொறாமை வந்த நாள் அது. இத்தனை காலமாக எனக்குக் காட்டாத வித்தையை, அடுத்தவர் பெயரில் போய்க் காட்டியிருக்கிறது.

கூடம் யாருக்குப் போனது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அவருக்குத்தான். அந்தக் கொக்குகளால்தான் அவருக்குப் போனது என்று ஒரு வாரம் வெந்துகொண்டிருந்தேன். அந்த ஒரு வாரமும், உண்மையைச் சொன்னால், ஒருவிதத்தில் சுகமாகவும் இருந்தது. எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள முடிந்தது.

மாமியார் வீடு திரும்பிய பிறகு தமயந்தி டீச்சர் போன் செய்தார், சுவரைப் பார்க்க வேண்டும் வருகிறீர்களா என்று. போனேன். எனக்கு முன்பே வந்து சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். ஆள் இளைத்திருந்தார். என்னைப் பார்த்து வணக்கம்கூடச் சொல்லவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொக்கு நான் போட்டது இல்லன்னு தலைவர்ட்ட அன்னைக்கே சொல்லிட்டேன் சார்" என்றார்.

"எதுக்கு டீச்சர் அதெல்லாம்?"

"சொல்லாம எப்படி சார்? நீங்க போட்டதுன்னு சொன்னேன். கூடத்தையும் உங்களுக்கே குடுத்துக்கங்கன்னேன். அதுக்கு அவரு, அதிகாரிக்குத்தான் கொக்கு பிடிச்சுது, எங்க ஊருக்காரவுகளுக்கு அந்த எருமைதான் பிடிச்சிருக்கு, கூடம் உங்களுக்குத்தான்னுட்டாரு."

அநியாயம் நடந்த ஆறுதலும் அத்தோடு போயிற்று. எருமையிடமே தோற்றிருக்கிறேன். கண்மாய்ப் பக்கமிருந்து காற்று நன்றாக வந்தது.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீகளே?"

"சொல்லுங்க."

"வயித்தெரிச்சலா இருக்கு சார். ஆஸ்பத்திரியில போட்டோ பாத்ததுலேர்ந்து அப்படித்தான் இருக்கு. அத்தைக்கு மாத்திரை குடுக்கிறேன், மனசு பூரா இந்தக் கொக்குதான். என் வானத்துல வந்து, நான் போட வேண்டியத நீங்க போட்டுட்டீகளேன்னு." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். மனசிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தவர்போல அவருடைய முகம் தெளிந்துவிட்டது. "வாங்க சார், டீ சாப்பிடலாம்."

டீ குடித்தோம். அவர் கூடத்தில் என்ன வரையப் போகிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பாதிதான் கேட்டேன். என்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டிருக்கிறார், அதுவும் தமயந்தி டீச்சர். வேலையில் இருந்த காலமெல்லாம் வாங்கிய சால்வைகளில் ஒன்றுகூட அப்படி இனித்ததில்லை. இதுதான் நேரம், நானும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். உங்கள் அணில், உங்கள் மயில், உங்கள் கிளி, உங்கள் எருமை, எல்லாவற்றின் மேலும் எனக்கு இருந்தது, இருக்கிறது என்று ஒரு வரி. வாயைத் திறந்தேன்.

"சக்கரை கொஞ்சம் கம்மி" என்றேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்ததை அவர் ஒரே வாரத்தில், டீக்கடை வாசலில், சிரித்துக்கொண்டே இறக்கி வைத்துவிட்டார். வண்டியில் திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு அதன் மேல்தான் பொறாமையாக இருந்தது.